தெருவைப் பார்க்கும் பக்கம்

மகன் எனக்குச் சனிக்கிழமை வரை கெடு கொடுத்திருந்தான். அதற்குள், என் கணவர் தானாகவே வீட்டைக் கண்டுபிடித்து வரும்படி, எங்கள் வீட்டு ஜன்னல் தெருவில் தனியாகத் தெரிய வேண்டும். இல்லையென்றால் அவரை ரயிலில் மூன்று மணி நேரம் தள்ளியிருக்கும் ஒரு காப்பகத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவான். மறதி உள்ளவர்களை மட்டும்தான் அங்கே சேர்த்துக்கொள்வார்களாம். எனக்கோ எல்லாம் நன்றாகவே ஞாபகம் இருக்கிறது. அதனால் எனக்கு அங்கே இடமில்லை.

அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது. எங்கள் குடியிருப்பில் நான்கு கட்டடங்கள் அச்சில் வார்த்த மாதிரி வரிசையாக நிற்கின்றன. ஒரே பெயின்ட், ஒரே படிக்கட்டு, ஒரே ஜன்னல். மூன்றாவது மாடி, இடது பக்கக் கதவு என்பது இவர் கால்களுக்கே தெரியும். எந்தக் கட்டடம் என்பதுதான் தலையில் நிற்பதில்லை. முதல் தடவை கடைசிக் கட்டடத்தில் யாரோ வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, அவர்கள் பேப்பரைப் படித்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டுக்காரி தங்கமானவள், தண்ணீர் கொடுத்து உட்கார வைத்திருந்தாள். இரண்டாவது தடவை போன வீட்டில் கூப்பாடு போட்டு ஊரைக் கூட்டிவிட்டார்கள். மூன்றாவது தடவை பஸ் டிப்போவிலிருந்து போலீஸ்காரர் கூட்டிவந்தார்.

"இன்னும் எத்தனை தடவைம்மா? போன் அடிச்சாலே, இப்ப யார் வீட்டுல உட்கார்ந்திருக்காரோன்னுதான் எடுக்கறேன்" என்றான் மகன்.

"ஒரே ஒரு தடவை பொறுத்துக்கடா" என்று கெஞ்சினேன். பெற்ற பிள்ளையிடம் அப்படிக் கெஞ்ச வேண்டியிருந்ததே என்று எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

"சரி. சனிக்கிழமை வரேன். அப்பாவை பஸ் ஸ்டாப்ல விட்டுட்டுப் பின்னாலேயே வருவேன். அவரா வீடு வந்து சேர்ந்துட்டார்னா அப்புறம் நான் வாயே திறக்கல. ஆனா நீ கீழ வந்து நிக்கக் கூடாது. மேலேருந்து கையும் ஆட்டக் கூடாது."

ஜன்னலுக்கு வெளியே ஒரு துணி கூடத் தொங்கக் கூடாது என்பது குடியிருப்புச் சங்கத்தின் சட்டம். இருந்தாலும் அடையாளத்துக்கு ஜன்னல் கம்பியில் ஒரு சிவப்புத் துண்டைக் கட்டிப் பார்த்தேன். அரை மணி நேரத்தில் வாட்ச்மேன் வந்து அவிழ்க்கச் சொல்லிவிட்டார். உள்ளே எதைத் தொங்கவிட்டாலும் அவர்கள் கேட்க முடியாது. அப்படித்தான் திரைச்சீலை யோசனை வந்தது. ஊரில் யார் வீட்டிலும் இல்லாத திரைச்சீலை. தெருமுனையிலிருந்தே கண்ணைப் பறிக்க வேண்டும்.

இவரையும் கடைக்குக் கூட்டிப்போனேன். முப்பத்தொரு வருடம் இவர் செய்தது திரைச்சீலைக்கு அளவெடுத்து மாட்டும் வேலைதான். கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்கும், அதனால் கடைத்தெரு முழுக்க 'டேப் அண்ணன்'. ஜன்னலை ஒரு பார்வை பார்த்தே எத்தனை மீட்டர் துணி என்று சொல்லிவிடுவார். இன்றைக்கும் சொல்லுவார். காலையில் சாப்பிட்டாரா என்று கேட்டால்தான் திருதிருவென்று விழிப்பார்.

கடைக்குள் காலை வைத்ததும் ஆள் மாறிவிட்டார். முதுகு நிமிர்ந்துவிட்டது. விற்பனைக்காரர் எடுத்துப் போட்ட வலைத்துணியை ஒதுக்கினார், சுருட்டித் தூக்கும் மூங்கில் திரையை ஒதுக்கினார். நான் ஆரஞ்சில் பச்சைப் பட்டை போட்ட ஒன்றைக் காட்டினேன்.

"இது வீட்டுக்கா, சர்க்கஸுக்கா?" என்றார்.

"பளிச்சுனு இருக்கணுங்க."

"பளிச்சுனு இருக்கறது வேற, கத்துறது வேற." அடுக்கின் நடுவிலிருந்து ஒரு சுருளை உருவி மேஜை மேல் விரித்தார். கடுகு மஞ்சளில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சிவப்புப் பூக்கள். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. தெருமுனை என்ன, அடுத்த தெருவிலிருந்தே தெரியும்.

தையல்காரரிடம் இவரே எல்லாம் சொன்னார். ஜன்னல் அகலத்துக்கு இரண்டரைப் பங்கு துணி, தரைக்கு ஒரு விரல் மேலே, பின்னால் கெட்டியான வெள்ளை லைனிங். "லைனிங் இல்லேன்னா வெயில்ல ஆறே மாசத்துல சாயம் போயிடும்" என்றார். நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன். தையல்காரர் என்னிடம், "இவருக்கா மறதின்னு சொன்னீங்க?" என்று கிசுகிசுத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் புத்தியை எதால் அடிப்பது?

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மகன் வந்து இவரை டீ குடிக்கக் கூட்டிப்போனான். அவர்கள் போன பிறகுதான் கடையிலிருந்து ஆள் வந்து திரையை மாட்டினார். அறையே ஜொலித்தது. அந்த ஆள் போனதும் வெளியிலிருந்து பார்க்கலாமென்று துள்ளிக் குதிக்காத குறையாகக் கீழே இறங்கி, ரோட்டைத் தாண்டி நின்று நிமிர்ந்தேன்.

எங்கள் ஜன்னல் வெள்ளை. பக்கத்து ஜன்னலும் வெள்ளை. நான்கு கட்டடத்திலும் எல்லா ஜன்னலும் வெள்ளை. எல்லோரும் வெள்ளை லைனிங்தான் வைக்கிறார்கள். பூவெல்லாம் வீட்டுக்குள், தெருவுக்கு முதுகு. ஒரு திரைச்சீலைக்காரனோடு நாற்பது வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு இது தோன்றவில்லை. கடையிலிருந்த மூன்று பேருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் திரைச்சீலையை யாரும் தெருவிலிருந்து பார்ப்பதற்கு வாங்குவதில்லை.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மணி பத்தேகால். பதினொன்றுக்கு வருவார்கள். மூச்சிரைக்க மேலே ஏறி நாற்காலியில் நின்று திரையை இறக்கினேன். லைனிங்கைப் பிரிக்கலாமென்று கத்திரியை எடுத்தால், மேல் மடிப்பு, கீழ் மடிப்பு எல்லாவற்றோடும் சேர்த்து அழுத்தமாகத் தைத்திருந்தார் அந்தப் புண்ணியவான். பிரிக்க ஒரு நாள் பிடிக்கும். ஒரே வழிதான் இருந்தது. கொக்கிகளையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு, பூப்பக்கத்தைத் தெருவுக்குத் திருப்பி, ஒவ்வொரு வளையத்திலும் ஊக்கு குத்தி மாட்டினேன். இரண்டு ஊக்கு விரலில் ஏறியது. மடிப்பெல்லாம் கோணிக்கொண்டு நின்றது. வீட்டுக்குள் தையல் ஓரமும் நூல் பிசிறுமாக ஒரு வெள்ளைச் சுவர். இருந்துவிட்டுப் போகட்டும், இவர் பக்கத்தில் இருந்தால் சாக்குப்பையைத் தொங்கவிட்டுக்கொண்டும் குடித்தனம் நடத்துவேன் என்று நினைத்துக்கொண்டேன்.

திரையின் ஓரத்தில் ஒரு விரல் இடுக்கு வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வந்தார். தனியாக, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சாவகாசமாக. இருபதடி தள்ளி மகன். முதல் கட்டடத்தைத் தாண்டினார். எங்கள் கட்டடத்துக்கு நேராக வந்ததும் நின்றார். நிமிர்ந்தார். நேராக எங்கள் ஜன்னலைப் பார்த்தார். 'வாங்க, வாங்க' என்று வாய்க்குள்ளேயே சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. கையை நீட்டித் திரையைச் சுட்டினார். மகன் கூட நின்றுவிட்டான்.

அப்புறம் சிரித்தார். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். கைகளை மறுபடி பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். மூன்றாவது கட்டடம் போனது, நான்காவதும் போனது. மெயின் ரோட்டுப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார்.

செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். பஸ்கள் திரும்பும் இடத்தில்தான் அவரைப் பிடிக்க முடிந்தது. என்னைக் கண்டதும் அவருக்கு ஒரே சந்தோஷம்.

"நீயும் வந்துட்டியா? அங்க ஒரு கூத்தைப் பாரு. நாம எடுத்த அதே துணி. மஞ்சள்ல சிவப்புப் பூ. எவளோ ஒருத்தி உள்பக்கம் வெளியில வர்ற மாதிரி மாட்டி வச்சிருக்கா. மடிப்பு கூட நிக்கல."

"அதுதாங்க நம்ம வீடு" என்றேன்.

"போம்மா. நம்ம வீட்டுல அப்படி இருக்குமா? தூக்கத்துல மாட்டினாலும் நீ நேராத்தான் மாட்டுவே. அது எனக்குத் தெரியாதா?"

"நான்தாங்க மாட்டினேன். நீங்க பார்க்கணும்னுதான் திருப்பி மாட்டினேன். சத்தியமா நம்ம வீடுதாங்க அது." நடுரோட்டில் அழுதேன். யார் பார்த்தால் எனக்கென்ன?

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வெறுங்காலைப் பார்த்தார். விரலிலிருந்த ரத்தத்தைத் தன் சட்டை நுனியால் துடைத்துவிட்டார். மகன் பக்கத்தில் வந்து நின்றான். அவனைத் தோளில் கை போட்டு ஓரமாக இழுத்து, எனக்குக் கேட்காதென்று நினைத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்:

"அம்மாவுக்கு மறதி வந்திருச்சு போலடா. யார் வீட்டையோ நம்ம வீடுங்கறா. டாக்டர்கிட்ட காட்டணும். என்ன ஆனாலும் அவளைத் தனியா மட்டும் விட்டுடாத."