ஐயரம்மாவின் விசுவாசம்

போதகர் வேதமாணிக்கம் ஐயரைப் பிடாதாரி கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்துவிட்டு வந்தவர்கள், சிராங்கூன் ரோட்டை ஒட்டிய அவர் வீட்டில் உட்கார்ந்து, மனைவி தங்கத்தின் விசுவாசத்தைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். முந்தின நாள் மாலை பஸ் நிறுத்தத்தில் மாரடைப்பு வந்து விழுந்த மனிதர் வீட்டுக்குப் பெட்டியில்தான் வந்தார். அந்தப் பெட்டியை மூடும்போதும் தங்கம் அழவில்லை, மண் தள்ளும்போதும் அழவில்லை.

"ஐயரம்மா கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி பாத்தீங்களா? பரலோக நம்பிக்கைன்னா அதுதான்" என்றார் சபைச் செயலாளர் தேவசகாயம். நினைவுக் கூட்டத்தில் இதையும் சேர்த்துப் பேசப்போவதாகச் சொன்னார். மேடை என்றால் அவருக்குச் சர்க்கரைப் பொங்கல். சுற்றியிருந்தவர்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

விசுவாசமாவது ஒன்றாவது! தங்கத்துக்கு இருந்ததெல்லாம் கோபம். கைப்பிடித்த நாளிலிருந்து அந்த மனிதர் அவளுக்குக் கிடைத்ததே கொஞ்சம்தான். ஆஸ்பத்திரி, சிறைச்சாலை, துறைமுகத்துக் கூலியாட்கள் குடியிருப்பு, எங்கே துக்கம் என்றாலும் பஸ் ஏறிவிடுவார். கிறிஸ்தவரா, இந்துவா, முஸ்லிமா என்று கேட்கமாட்டார். பிள்ளையில்லாத வீட்டில் அவள் மட்டும் சோற்றை மூடிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இப்போது ஒரேயடியாகப் போய்விட்டார். ஒரு பாட்டம் அழுதால் மனசு ஆறும் என்று அவளுக்கும் தெரியும். அழுகைதான் வரவில்லை. கட்டினவருக்காக அழக்கூட முடியாமல் இப்படியே கல்லாகிவிடுவோமோ என்று பயமாக இருந்தது.

சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்புகிற வழக்கம் கிடையாது. அவ்வளவு நேரம் ஆறுதல் வசனம் சொன்ன வாய்களும் மூடிக்கொள்ள, ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு நழுவினார்கள். மூலையில் உட்கார்ந்திருந்த ஓர் ஆள் மட்டும் நேராகத் தங்கத்தின் முன்னால் வந்து நின்றான். நெற்றியில் திருநீறு, மூட்டை தூக்கிக் காய்த்த தோள். கும்பிட்டுவிட்டு, "போயிட்டு வர்றேன்மா" என்றான்.

வாசலில் இறங்கியவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். தேவசகாயம் பாய்ந்து வந்தார். "யோவ், எழவு வீட்டுல சொல்ற பேச்சாய்யா இது? இன்னொரு எழவுக்கு வர்றேங்கிறியா?"

"ஐயரு சொன்னதைத்தாங்க சொன்னேன்."

அவன் பெயர் மருதப்பன். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கப்பல் சரக்கு இறக்குகிறவன். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவன் பெண்சாதி முத்தாயி பிரசவத்தில் பிள்ளையோடு போய்ச் சேர்ந்துவிட்டாள். "காரியம் முடிஞ்சு எல்லாரும் சொல்லாமப் போயிட்டாங்க. இவரு மட்டும் போயிட்டு வர்றேன்னாரு. என் மச்சான் அடிக்கவே போயிட்டான். மறுநாளு சாயங்காலம் நெசமாவே வந்து நிக்கிறாரு லா!"

"வந்து? ஜெபம் பண்ணாரா? வேதம் வாசிச்சாரா?" தேவசகாயம் மேடைக்குச் சரக்குத் தேடினார்.

"ஒண்ணும் இல்லீங்க. நான்தான் குடிச்சிட்டுத் திட்டினேன். உங்க சாமிக்குக் கண்ணு அவிஞ்சு போச்சான்னு கேட்டேன். அவரு பேசாம உக்காந்திருந்தாரு. தெனமும் வந்தாரு. ஒருநாளு திட்டுறதுக்கு எனக்கு வார்த்தை தீந்து போச்சு. அன்னிக்குத்தான் அழுதேன்."

இதை எந்த மேடையில் சொல்வது! தேவசகாயம் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் மாலை மருதப்பன் சலவைச் சட்டையோடு வந்துவிட்டான். வீட்டில் தங்கத்தைத் தவிர ஒருவரும் இல்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

"என்னப்பா வேணும்?"

"ஒண்ணும் வேணாம்மா. சும்மா உக்காந்திருக்கேன்."

தெருவில் ஐஸ்காரன் மணியடித்துக்கொண்டு போனான். அவன் இருப்பதும் அவளுக்குத் தொந்தரவாக இருந்தது, போகச் சொல்லவும் வாய் வரவில்லை. கடைசியில் பொறுக்க முடியாமல் கேட்டாள்: "உனக்குத் தெனமும் வந்தாரு, இல்ல?"

"ஆமாம்மா."

"நான் இங்க ஒத்தையில கதவைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேனே, அது தெரியுமா உனக்கு?"

"தெரியாதும்மா."

மன்னிப்பும் கேட்கவில்லை, ஐயருக்காக ஒரு வார்த்தை பரிந்தும் பேசவில்லை. அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது. இத்தனை வருஷமாகத் தொண்டையில் வைத்திருந்ததெல்லாம் மடை திறந்துகொண்டு வந்தது. காய்ச்சலில் அவள் தனியாகக் கிடந்தது, கிறிஸ்மஸ் அன்றைக்குக்கூட அவர் இழவு வீட்டுக்குப் போனது, ஊருக்கு நல்லவர், வீட்டுக்கு விருந்தாளி என்று அக்கம்பக்கத்தார் சிரித்தது. மருதப்பன் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான்.

"முந்தாநாளும் அப்படித்தான் சட்டையை மாட்டிட்டாரு. குழம்பு கொதிச்சுக்கிட்டு இருக்கு, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்கன்னேன். வந்து உன்னோட உக்காந்து சாப்பிடுறேன் தங்கம்னாரு. கண்டவங்க வீட்டுலயெல்லாம் வர்றேன்னு சொல்லிட்டுப் போயி நின்னாரே, எனக்குச் சொன்னதை மட்டும்…"

முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி தங்கம் அழுதாள். மருதப்பன் எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தான்.