மட்கார்டு மாட்ட இடமில்லாத சைக்கிள்

டேரன் அந்தச் சைக்கிளை அம்மாவின் வீட்டு முன்னறைக்குள் உருட்டிக்கொண்டு வந்தபோது நாங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்தோம். கைப்பிடியில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தான். அம்மா குழம்புக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினாள். டேரனின் மனைவியும் என் தங்கையுமான ஹேசல் தட்டவில்லை. தட்டில் இருந்த உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டினாள், பிறகு நாலாக வெட்டினாள்.

"லொரேன், இது உனக்குத்தான். கார்பன். ஒரு விரலால தூக்கலாம்," என்றான் டேரன். தூக்கியும் காட்டினான்.

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியாடி, எவ்வளவு பெரிய மனசு!"

நான் அந்தச் சைக்கிளைப் பார்த்தேன். டேரனுக்கு நாற்பது வயதானபோது வாங்கியது. இரண்டு கோடைகாலச் சனிக்கிழமைகள் ஓட்டிவிட்டு, முட்டி வலிக்கிறது என்று கார் கொட்டகைச் சுவரில் மாட்டிவைத்தான். அவன் ஆறடிக்கு மேல். நான் அவன் தோளுக்குக்கூட எட்டமாட்டேன். அந்த இருக்கையில் நான் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடாது. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் போகிற வருகிறவர் தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். டயர் என் சுண்டுவிரல் அகலம். டயருக்கும் பிரேமுக்கும் நடுவே நகம் நுழைய இடமில்லை. மட்கார்டு மாட்ட ஒரு ஓட்டை கிடையாது, கேரியருக்கும் கிடையாது. வெயிலில் பந்தயம் ஓட்டுகிறவனுக்காகச் செய்த சாமான் அது.

அப்போது நவம்பர். மேட்டிலிருக்கும் எங்கள் ஊர் ரிப்பண்டனிலிருந்து கீழே ஹாலிஃபாக்ஸ் பஸ் பணிமனை வரை நான் இறங்குகிற பாதையில் நவம்பரில் என்னென்ன கிடக்கும் என்று அந்த மேசையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ரோட்டில் பனி உறையாமல் இருக்க இறைக்கிற உப்பு, ஆட்டுப் புழுக்கை, அழுகிய இலை, எந்நேரமும் ஓடுகிற தண்ணீர். மட்கார்டு இல்லாமல் ஒரு மைல் போனால் போதும், உட்காரும் இடம் நனைந்து முதுகில் பழுப்பாக ஒரு கோடு விழுந்துவிடும். அந்த ஈரத்தோடு நான் பகல் முழுக்க உட்கார்ந்து பஸ் ஓட்ட வேண்டும். ஆமாம், நான் பஸ் டிரைவர். காலையின் முதல் பஸ் என்னுடையது. முதல் பஸ்ஸை எடுக்கப் போகிறவளைக் கொண்டுபோய் விட அதற்கு முன்னால் ஒரு பஸ் கிடையாது. அதனால்தான் சைக்கிள்.

என் சொந்தச் சைக்கிள் அப்போது கிளெனின் சைக்கிள் கடையில் ஒடிந்து கிடந்தது. அதை ஒடித்தவன், இதோ ரிப்பனைத் தடவிக்கொண்டு நிற்கிற டேரன்.

இரண்டு வாரத்துக்கு முன்னால், வேலை முடிந்து சைக்கிளில் மேடு ஏறிக்கொண்டிருந்தேன். மாலை நாலு மணி, தூறல், வெளிச்சம் மங்க ஆரம்பித்திருந்தது. முன்விளக்கு, பின்விளக்கு இரண்டும் எரிந்தன, மேலே மஞ்சள் கோட்டு. பெட்ரோல் பங்கிலிருந்து ஒரு பெரிய கறுப்புக் கார் வெளியே வர நின்றது. நிற்கிறது என்றுதான் நானும் போனேன். அது நிற்கவில்லை. என் இடதுபக்கம் இடித்து நடுரோட்டுக்குத் தள்ளியது. பின்னால் லாரி ஒன்றும் வராததால் இன்று இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இடிப்பதற்குச் சற்று முன்னால் கார்க் கண்ணாடி வழியாக இரண்டு முகங்களைப் பார்த்தேன். டேரனின் முகம் வேறு பக்கம் திரும்பியிருந்தது. பக்கத்து இருக்கையில் ஹேசல். அவள் என்னையே பார்த்தபடி வாயைத் திறந்து கத்திக்கொண்டிருந்தாள்.

டேரன் இறங்கி வந்தான். "ஐயோ லொரேன், நீயா!" என்றான். யாரென்று தெரியாத ஒருத்தியாக இருந்திருந்தால் பரவாயில்லை என்பதுபோல. பிறகு கார் முன்பக்கம் குனிந்து கீறல் இருக்கிறதா என்று பார்த்தான். நான் இன்னும் தரையில் இருந்தேன்.

மணிக்கட்டு வீங்கியதோடு நான் தப்பினேன். போலீசுக்குப் போகவில்லை; தங்கை புருஷன். ஒரே ஒரு வாக்கியத்துக்குக் காத்திருந்தேன். 'நான் கவனிக்கல, என் தப்பு.' அவ்வளவுதான். அது வரவில்லை. அதற்குப் பதிலாக என் குடும்பத்தின் பேச்சில் ஒரு சொல் மட்டும் மாறியது. 'டேரன் லொரேனை இடிச்சுட்டான்' என்பது இரண்டே நாளில் 'லொரேன் விழுந்துட்டா' ஆகிவிட்டது. அம்மா தொலைபேசியில் கேட்டாள்: "நீ விழுந்தியே, அந்தக் கை எப்பிடி இருக்கு?" நானாக விழுந்தது போல. மழையும் நானும் சேர்ந்து முடிவு செய்து விழுந்தது போல.

"எனக்கு இது வேணாம், டேரன்," என்றேன்.

சிரித்தான். "சும்மா கூச்சப்படாத."

"கூச்சமில்ல. இதுல மட்கார்டு மாட்ட முடியாது. என் உயரத்துக்கும் ஆகாது. மழைல நான் இதை வச்சு என்ன பண்ணுவேன்?"

"மட்கார்டா? ஆயிரக்கணக்கான பவுண்டு விலை போற சைக்கிளைக் கொண்டாந்து தரேன், இவ மட்கார்டைப் பத்திப் பேசறா!" மேசையைச் சுற்றிப் பார்த்தான், சாட்சிக்கு ஆள் தேடுவது போல.

"நீ கவனிக்காம வந்து இடிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லு. எனக்கு வேண்டிய சைக்கிளை நானே காசு குடுத்து வாங்கிக்கறேன்."

டேரனின் கழுத்து சிவந்தது. "இருட்டுல லைட்டு போடாம வந்தா யாருக்குத் தெரியும்?" என்றான்.

லைட்டு போடாமலா? இதை அன்றுதான் முதல்முறையாகக் கேட்கிறேன். அம்மாவைப் பார்த்தேன். அவள் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இது புதிதல்ல என்று அந்தக் கரண்டி சுற்றிய விதத்திலேயே தெரிந்தது.

சமையலறைக்கு எழுந்து போனேன். ஹேசல் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள்.

"அக்கா, இன்சூரன்ஸ்காரங்ககிட்ட அவர் அப்பிடிச் சொல்லிட்டார். ஏற்கெனவே வேகமாப் போயி ரெண்டு தடவை மாட்டியிருக்கார். இன்னொண்ணுன்னா லைசென்ஸ் போயிடும். வீடு வீடாப் போயி சமையலறை சாமான் விக்கற ஆளு, கார் இல்லாம என்ன செய்வார்?"

"நீ அந்தக் கார்ல இருந்த."

"நான் கைப்பைல எதையோ தேடிக்கிட்டிருந்தேன்."

"ஹேசல், என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

அவள் பார்க்கவில்லை. ஈரத்துணியை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த மேடையைத் துடைத்தாள். "அவர்தான் சைக்கிள் தரேன்னு சொல்றாரே, அக்கா. வாங்கிக்கயேன். எல்லாம் முடிஞ்சுபோயிடும்."

முடிந்துபோகும் என்று எனக்கும் தெரியும். அதற்காகத்தானே ரிப்பன்! அந்தச் சைக்கிளை வாங்கிக்கொண்டால் நான் விழுந்தவளாகவும் அவன் தூக்கிவிட்டவனாகவும் ஆகிவிடுவோம். கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். இறைச்சி ஆறிப்போகிறது என்று அம்மா பின்னால் கத்தினாள்.

கை சரியாகி வேலைக்குத் திரும்பியதும் பர்வேஸ் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டான். நாலாம் நம்பர் பஸ் ஓட்டுகிறவன், அடுத்த தெரு. முதல்நாள் நான் கதவைத் திறந்ததும் கேட்டான்: "என்ன லொரேன், லைட்டு போட்டியா?" பணிமனையில் இன்னொருத்தன் அதையே கேட்டான். தேநீர் இயந்திரத்துக்கு முன்னால் மூன்றாவது ஆள். கண்ணாடியைப் பார்க்காமல் ஒரு அங்குலம்கூட வண்டியை நகர்த்தாத எனக்கு, இத்தனை வருடத்தில் ஒரு குப்பைத்தொட்டியைக்கூட உரசாத எனக்கு, அந்தக் கேள்வி.

இரண்டாம் நாள் பொறுக்கவில்லை. "லைட்டு எரிஞ்சுது, பர்வேஸ். முன்னாடியும் எரிஞ்சுது, பின்னாடியும் எரிஞ்சுது. இதை உனக்கு எவன் சொன்னான்? டேரனா?"

அவன் சற்றுத் தயங்கினான். "இல்ல கண்ணு. உங்கம்மா. டவுனுக்குப் போக என் பஸ்ல ஏறினாங்க. முன்சீட்டுல உக்காந்துக்கிட்டு அவங்களேதான் சொன்னாங்க. மாப்பிள்ளை மேல தப்பில்லன்னு."

அதன்பிறகு அவன் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

அந்த வாரமே கிளென் கடைக்குப் போனேன். என் பழைய சைக்கிளைத் தாங்கியில் மாட்டிவைத்திருந்தான். பிரேமின் கீழ்க்குழாயில் காகிதத்தை மடித்தது போல ஒரு மடிப்பு. "சக்கரம், பிரேக்கு, கியர் எல்லாம் பொழைச்சுக்கும். பிரேம் போச்சு. அலுமினியத்தை நிமித்த முடியாது," என்றான். ஆக எனக்கு வேண்டியது ஒரு பிரேம் மட்டும். குளிர்கால டயர் நுழைகிற அளவு இடம், மட்கார்டுக்கும் கேரியருக்கும் ஓட்டைகள், என் குட்டைக் காலுக்கு ஏற்ற அளவு, என் சம்பளத்துக்கு ஏற்ற விலை. இதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. வாழ்க்கையில் இதைவிடக் குறைவாக யாரும் கேட்க முடியுமா?

முதலில் ஓர் இரும்பு பிரேமைக் காட்டினான். மெல்லிய குழாய்கள், அழகான நீலம். குழியில் விழுந்தாலும் உடம்பை உலுக்காது என்றான். கையில் எடுத்துப் பார்த்தேன், ஆசையாகத்தான் இருந்தது. "ஆனா உப்பு இதைத் தின்னுடும். தினம் கழுவித் துடைச்சு வைக்கணும்," என்றான்.

"பஸ்ஸ விட்டு இறங்கினா நான் சமைப்பேனா, சைக்கிளைக் குளிப்பாட்டுவேனா?"

"அப்ப அலுமினியம்தான். கொஞ்சம் உலுக்கும். ஆனா துருப்பிடிக்காது." உள்ளே போய் இரண்டு பிரேம்களைக் கொண்டுவந்தான். ஒரே வார்ப்பு, ஒன்று கரும்பச்சை, இன்னொன்று கண்ணைக் குத்துகிற ஆரஞ்சு. "ஆரஞ்ச எடுத்துக்க. யாருக்கும் பிடிக்காத நிறம், அதனால விலையும் கம்மி. அதோட உனக்கு நடந்ததுக்கு அப்புறம் இதுதான் நல்லது. இதைப் பாக்கலன்னு எவனும் சொல்ல முடியாது பாரு."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். எனக்கு உச்சந்தலை வரை கொதித்தது.

"கிளென், முன்னாடி ஒரு லைட்டு, பின்னாடி ஒரு லைட்டு, மேல மஞ்சள் கோட்டு. இதுக்கு மேல நான் என்ன செய்யணும்? கழுத்துல மணி கட்டிக்கணுமா? பாக்காம வந்தவன் ரோட்டப் பாக்கறதுக்கு நான் எதுக்குச் சாயம் பூசிக்கணும்?"

கடையில் சங்கிலி எண்ணெய் வாங்க வந்திருந்த ஒருவர் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கோவத்துல வாங்கற, லொரேன்," என்றான் கிளென்.

"ஆமா. கோவத்துலதான் வாங்கறேன். பச்சையிலயே எல்லாத்தையும் மாட்டிக் குடு."

வீட்டுக்கு நடந்து வரும்போது, ஆரஞ்சுதான் புத்திசாலித்தனம் என்று எனக்கே பட்டது. இருந்தும் திரும்பிப் போகவில்லை. ஆரஞ்சில் ஏறி நான் தெருவில் இறங்கினால் அம்மா என்ன சொல்லுவாள் என்று தெரியும். 'இப்பவாவது புத்தி வந்துதே.'

டிசம்பர் முதல் வாரம் பச்சைச் சைக்கிள் தயாரானது. முதல் காலை ஆலங்கட்டியும் மழையும் கலந்து அடித்தது. கைப்பிடி அதிர்ந்தது, கிளென் சொன்னபடி பிரேம் உலுக்கியது. ஆனால் சக்கரம் வாரியடித்த தண்ணீரெல்லாம் மட்கார்டுக்குக் கீழேயே ஓடிப்போனது. பணிமனையில் இறங்கி, பின்பக்கம் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. அன்றைய முதல் பஸ்ஸை எடுத்தபோது சீட்டி அடித்தேன் என்று பர்வேஸ் பிறகு எல்லோரிடமும் சொல்லித் திரிந்தான்.

அம்மா வீட்டுக்கு நான் போகவில்லை. டேரனின் லைசென்ஸ் தப்பியது. கார்பன் சைக்கிள் பழையபடி அவன் கொட்டகைச் சுவருக்கே போய்விட்டது. நான் நன்றி கெட்டவள் என்று அம்மா சொல்வதாகக் கேள்விப்பட்டேன். டேரன் என் பஸ் வருவதைப் பார்த்தால் காரைப் பின்னுக்கு எடுத்து வழி விடுகிறான், கையை வேறு ஆட்டுகிறான். பஸ் பெரிது. அது அவன் கண்ணுக்குத் தெரிகிறது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை, மதிய ஓட்டத்தில், சந்தை நிறுத்தத்தில் ஹேசல் ஏறினாள். அவளிடம் கார் இருக்கிறது. என் வண்டியில் அவள் ஏறியதே இல்லை. வங்கி அட்டையை டிக்கெட் இயந்திரத்தில் காட்டிவிட்டு முன்சீட்டில் உட்கார்ந்தாள். அவள் வீட்டு நிறுத்தம் வந்தது. இறங்கவில்லை. கடைசி நிறுத்தமான மேட்டு விடுதி வரை வந்தாள். எல்லோரும் இறங்கினார்கள். நான் இயந்திரத்தை அணைத்தேன். கண்ணாடிகளில் ஈரப்பனி வழிந்துகொண்டிருந்தது.

"புது சைக்கிள் எப்பிடி இருக்கு?" என்றாள்.

"உலுக்குது. ஆனா நனைக்கல."

தலையாட்டினாள். கையுறையைக் கழற்றினாள், மறுபடி மாட்டினாள். "நான் கத்தினேன், அக்கா. 'டேரன், லொரேன் வரா'ன்னு பேரச் சொல்லிக் கத்தினேன். அவர் ரேடியோவ திருப்பிக்கிட்டிருந்தார். உன் லைட்டு எரிஞ்சுது. அந்த லைட்டாலதான் வர்றது நீன்னே எனக்குத் தெரிஞ்சுது."

இத்தனை வாரமாக இதைத்தான் கேட்கக் காத்திருந்தேன். கேட்டதும் என் கோபம் தணியும் என்று நினைத்திருந்தேன். தணியவில்லை. கூடியது.

"என்கிட்ட எதுக்குடி சொல்ற? லைட்டு எரிஞ்சுதுன்னு எனக்குத் தெரியும். அதைப் போட்டவளே நான்தான்."

நான் இறங்கி, பஸ்ஸைச் சுற்றி நடந்து, டயர்களைப் பார்ப்பது போல நின்றுவிட்டு வந்தேன். நேரமானதும் வண்டியைக் கிளப்பினேன். இறக்கத்தில் ஆட்கள் ஏறினார்கள்; பள்ளிக்கூடப் பையன்கள், மருத்துவமனைக்குப் போகிற ஒரு கிழவர், பொட்டலங்களோடு இரண்டு பெண்கள். ஹேசல் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தேவாலயத்தைத் தாண்டியதும் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி உள்ளே மணி அடித்தது. அம்மா வீட்டு நிறுத்தம். எழுந்து நின்றது ஹேசல்.

கதவைத் திறந்தேன். படியில் ஒரு கணம் நின்றாள். "அவர்கிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல," என்றாள். "அம்மாகிட்டேருந்து ஆரம்பிக்கலாமான்னு…" முடிக்கவில்லை. இறங்கிவிட்டாள்.

தொப்பியைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் ரோட்டைக் கடந்தாள். அம்மாவின் முன்னறையில் விளக்கு எரிந்தது. கிறிஸ்துமஸ் மரத்தின் குட்டி பல்புகள் அணைந்து அணைந்து எரிந்தன. ஹேசல் வாசல் கேட்டின் தாழ்ப்பாளில் கையை வைத்தாள். திறக்கவில்லை. ஈரப்பனி அவள் முடியில் விழுந்து வெள்ளையாக நின்றது.

"என்னம்மா, கிளம்பலாமா?" என்று பின்னாலிருந்து கிழவர் கேட்டார்.

"ஒரு நிமிஷம் இருங்க," என்றேன். கதவை மூடாமல் வைத்திருந்தேன். குளிர் உள்ளே வந்துகொண்டிருந்தது. ஜன்னல் திரைக்குப் பின்னால் அம்மாவின் நிழல் எழுந்து வாசலை நோக்கி நகர்ந்தது. ஹேசலின் கை தாழ்ப்பாளிலேயே இருந்தது.