லாரியாக எழுதப்பட்ட பெண்கள்

மாநகராட்சியின் புதிய கணக்கு மென்பொருள் ஓடத் தொடங்கிய திங்கட்கிழமை காலையில், மேற்கு வார்டில் தெருக் கூட்டும் பெண்ணின் முதுகில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. நடந்தால் அணைந்தது, நின்றால் எரிந்தது. பின்னால் சைக்கிளில் வந்தவர் பிரேக் பிடித்துச் சுற்றிக்கொண்டு போனார்.

காரணம் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பழைய மென்பொருளில் தினக்கூலிப் பெண்களுக்குச் செலவுத் தலைப்பே கிடையாது. குப்பை லாரியின் பழுதுச் செலவுக்கோ உச்சவரம்பே கிடையாது. ஆகவே அந்தக் காலத்துக் கணக்கு அதிகாரி ஒவ்வொரு பெண்ணையும் லாரியின் ஒரு பாகமாக எழுதிக் கூலி கொடுத்தார். லாரி துருப்பிடித்து உதிர்ந்தே போயிற்று. பாகங்கள் மட்டும் மாதம் தவறாமல் பழுதாகிக்கொண்டிருந்தன. “ஹாரன் அக்கா, வந்து கையெழுத்து போடுங்க” என்று குமாஸ்தா கூப்பிடுவான், எல்லோரும் சிரிப்பார்கள். பின்விளக்காக எழுதப்பட்ட மேற்கு வார்டுப் பெண் மட்டும் ஒருநாளும் சிரித்ததில்லை. அதிகாரிகள் வந்தார்கள், மாலை போட்டுக்கொண்டு ஓய்வு பெற்றார்கள். பெண்களைப் பெண்கள் என்று எழுத ஒருவருக்கும் கை வரவில்லை. புதிய மென்பொருளோ சொன்னதை அப்படியே நம்பும் ரகம்.

அந்தத் திங்கட்கிழமை மதியத்துக்குள் ஹாரன் வாயைத் திறந்தால் தெருவே ஒதுங்கி வழிவிட்டது. சைலன்சர் இருமினால் புகை வந்தது. என்ஜினாக எழுதப்பட்ட பருத்த பெண், நின்ற இடத்திலேயே அதிர்ந்தாள். அன்று வீட்டில் மின்சாரம் போனபோது பின்விளக்கின் மகள், “அப்படியே நில்லும்மா, ஊசியில நூல் கோத்துக்கறேன்” என்றாள். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

மாதக் கடைசியில் புதிய மென்பொருள் லாரியின் வயதைப் பார்த்துவிட்டுக் கூலியை நிறுத்தியது. பாகங்களை வியாழக்கிழமை ஏலம் விடச் சொன்னது. பின்விளக்கு துடைப்பத்தோடு அலுவலகத்துக்குள் போனாள்.

“சிஸ்டத்துல நீங்க ஆளே இல்லம்மா, சாமான்” என்றான், மென்பொருள் கம்பெனியிலிருந்து வந்திருந்த இளைஞன்.

“அப்ப இத்தனை வருஷமா உங்க குப்பைய அள்ளினது யாரு?”

“லாரி.”

இப்போதைய கணக்கு அதிகாரி குறுக்கிட்டார். “கோவப்படாதீங்க. ஏலம் முடியட்டும், அப்புறம் பேசிக்கலாம்.”

“ஏலத்துல போறது நானு. அப்புறம் யாருகிட்ட பேசுவீங்க?”

அதற்குள் பழைய இரும்பு வியாபாரி சாமான்களைப் பார்க்க வந்திருந்தார். மரியாதையானவர்தான், செருப்பைக் கழற்றச் சொல்லிவிட்டு அவளைத் தராசில் நிறுத்தினார். “தேறாது சார், வெறும் எலும்பு” என்றார். “ஓடுற வண்டின்னா ஏலத்துக்கே வந்திருக்காது. ஓடாததுதானே நம்மகிட்ட வருது.”

“யாரு ஓடாது?” என்றாள் அவள்.

வியாழக்கிழமை பெண்கள் மாநகராட்சி முற்றத்தில் லாரியின் வரிசையில் நின்றார்கள், என்ஜின் முன்னே, பின்விளக்கு கடைசியில். ஊற்ற டீசல் இல்லை. பின்விளக்கு திட்டத் தொடங்கினாள். ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவரையும் விடவில்லை. இத்தனை வருஷமாக விழுங்கி வைத்திருந்த மற்றவர்களின் சிரிப்பொலிகளை ஒவ்வொன்றாகத் துப்பினாள். அந்தச் சூட்டில் என்ஜின் பற்றிக்கொண்டது. பெண்களின் லாரி கட்டடத்தைச் சுற்றி வந்து, கமிஷனர் கார் கண்ணாடியை உரசி, அதன் பின்னால் வழியடைத்து நின்றது. ஏலத்துக்கு வந்திருந்த வாகன ஆய்வாளர் ஹாரனைக் கேட்டார், பிரேக்கைப் பார்த்தார், புகையை மோந்தார். ஓடும் வண்டி என்று கையெழுத்திட்டார். ஏலம் ரத்தானது, நின்றுபோன கூலியும் வந்தது.

அதன்பிறகு எதற்கும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. ஆளுக்குப் பணம் கொடுக்க ஆயிரம் கேள்வி கேட்கும் மாநகராட்சி, வண்டிக்குக் கொடுக்க ஒரு கேள்வியும் கேட்பதில்லை. டயர் தேய்மானம் என்று கால்வலிக்குப் பணம் வந்தது. காய்ச்சலில் படுத்த நாளுக்கு ஒர்க்‌ஷாப் செலவு வந்தது.

கம்பெனி இளைஞன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மேற்கு வார்டுக்கே வந்தான். “தப்பைக் கண்டுபிடிச்சிட்டோம்மா. ஒரு பட்டன்தான், உங்கள எல்லாம் ஆளா மாத்திடலாம்.”

“ஆளானா, படுத்த நாளுக்குக் கூலி உண்டா?”

“தினக்கூலிக்கு அது கிடையாதுங்க.”

“அப்ப விரலை எடு தம்பி.”

எடுத்துவிட்டான். அந்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் லாரிக்குப் புது பெயிண்ட் அடிக்க ஒரு தொகை ஒதுக்கினார்கள். பெண்கள் கடைக்குப் போய் ஆளுக்கொரு நிறத்தில் துணி எடுத்துக்கொண்டார்கள்.