ஒன்பதிலிருந்து ஒன்பதைக் கழித்தால்

...ஒன்பதை அனுப்பினால் ஒன்பதுதானே திரும்பி வர வேண்டும், சைன், காஸ், டேன் என்று மூன்று பொத்தான்களை அழுத்தி உள்ளே அனுப்பிவிட்டு, அதே வழியில் தலைகீழாகக் கூப்பிட்டால் சமர்த்தாக ஒன்பது வந்து நிற்க வேண்டாமா, இந்தப் பழுப்பு மெஷினுக்கு மட்டும் என்ன கேடு, 8.99998 என்று பல்லை இளிக்கிறது, பக்கத்திலிருக்கும் கறுப்பு மெஷினோ சுத்தமாக 9 காட்டுகிறது, இரண்டும் ஒரே காலத்தில் ஒரே கடையில் விற்றவை... அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். கால்குலேட்டர் பழுதுபார்த்தே காலத்தை ஓட்டியவர், கடையை மூடிய பிறகும் கை சும்மா இருக்கவில்லை, ஊரார் தூக்கிப்போட்ட பழசுகளையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து எது எங்கே தப்புகிறது என்று துப்பறிகிறார், சம்பளம் இல்லாத போலீஸ் வேலை என்று கிண்டல் செய்வாள் அவர் மனைவி... செய்வாள், ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால்.

அவளும் போன வழியேதான் திரும்பி வந்தாள், அதே தெரு, அதே படிக்கட்டு, தலையில் ஆபரேஷன் செய்த இடத்தில் முடிகூட வளர்ந்துவிட்டது, பார்ப்பவர்கள் எல்லாம் ஒரு குறையும் இல்லை என்கிறார்கள், அவருக்கும் அவளேதான், ஆனால்... அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு எதற்குத் திறந்தோம் என்று நிற்கிறாளே, துண்டை மூன்றாக மடிப்பவள் இப்போது நான்காக மடிக்கிறாளே, இதையெல்லாம் யாரிடம் சொல்வது, சொன்னால் சிரிக்க மாட்டார்களா? ஞாபகம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள் என்றார் டாக்டர். பேச்சுக் கொடுக்க அவருக்கு எங்கே தெரியும், ரிப்பேருக்கு வந்த மெஷினைச் சோதிக்கத்தான் தெரியும், ஆகவே சாயங்காலம் அவள் டீ கொண்டுவரும்போது ஒரு கேள்வி, முதலில் குடியிருந்த வீட்டுக் கதவு என்ன நிறம், மகள் பிறந்தபோது யார் கூட இருந்தார்கள்... ஆரம்பத்தில் விழித்தாள். இப்போதெல்லாம் டாண் டாண் என்று பதில் வருகிறது, ஒன்றுகூடத் தப்பவில்லை, அவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இதோ உள்ளே மகளோடு போனில் பேசிக்கொண்டிருக்கிறாள், கதவைச் சாத்திக்கொண்டு, தினமும் இதே நேரம்தான், அம்மாவுக்கும் மகளுக்கும் ஆயிரம் இருக்கும், நமக்கு எதற்கு.

கறுப்பு மெஷினைக் கையிலெடுத்தார். டிஸ்ப்ளேயில் தெரிவது மட்டுமே கணக்கு இல்லை, உள்ளே இன்னும் சில இலக்கங்களை வைத்துக்கொண்டிருக்கும், ஒன்பதுக்குக் கிட்டத்தில் வந்துவிட்டால் போதும், சில்லறையை மறைத்துவிட்டு ஒன்பது என்று காட்டிவிடும். பிடிக்க வேண்டுமானால் அதிலிருந்து ஒன்பதைக் கழித்துப் பார்க்க வேண்டும். இவ்வளவு தெரிந்தவர் இதை மட்டும் ஏன் இத்தனை நாளாகக் கழித்துப் பார்க்கவில்லை? நல்ல பிள்ளையைச் சந்தேகப்பட மனம் வரவில்லையோ... கழித்தார். சைபர் வரவில்லை. புள்ளிக்குப் பின்னால் வெகு தூரத்தில், எறும்பு மாதிரி, ஒரு மிச்சம். அட, நீயுமா?

டம்ளர் சத்தம் கேட்டது. அவள் வாசற்படியில் நின்றாள், ஒரு கை நிலையைப் பிடித்திருந்தது. இன்றைக்கு என்ன கேட்பது... மெஷின் நினைவாகவே இருந்ததால் வாயில் அதுவே வந்தது.

"முதல் தடவை நீ கடைக்கு வந்தியே, அந்த மெஷின்ல என்ன ரிப்பேர்?"

கேட்கும்போதே அவருக்குச் சிரிப்பு முட்டியது, ஏனென்றால் ரிப்பேரே இல்லை, சைன் கணக்கெல்லாம் தப்பாக வருகிறது என்று ஆபீஸ் மெஷினைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்தாள், ஒரு ஸ்விட்ச் இடம் மாறியிருந்தது, தள்ளிவிட்டால் முடிந்தது, அவர்தான் இன்னொரு தடவை அவளை வரவைக்க, பார்ட் வரணும், ஒரு வாரம் ஆகும் என்று புளுகினார். கல்யாணத்துக்குப் பிறகு ஒப்புக்கொண்டபோது அவள் சிரித்த சிரிப்பு... அதிலிருந்து அவர் எதற்குத் தாமதமாக வந்தாலும், என்ன, பார்ட் வந்துடுச்சா, என்பாள். மகளுக்கு இது தெரியாது. அப்பா பொய்யர் என்று பிள்ளைக்கு எப்படிச் சொல்வது, டிஸ்ப்ளே போய்விட்டது, அப்பா சரிசெய்து கொடுத்தார் என்று இருவரும் கூடிப் பேசி ஒரு கதை கட்டிவிட்டார்கள்.

"டிஸ்ப்ளே போயிடுச்சு. பார்ட் வெளியூர்ல இருந்து வரவழைச்சு, ஒரு வாரத்துல மாத்திக் கொடுத்தீங்க."

அவள் முகத்தில் விளையாட்டு இருக்கிறதா என்று தேடினார், உதட்டோரம், கண்ணில்... இல்லை. வரவழைச்சு என்பது மகளின் வார்த்தை, மகள் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அந்த இடத்தில் இழுத்துச் சொல்வாள். அப்படியானால் அந்த மூடிய கதவு, அந்த முணுமுணுப்பு, முதல் வீட்டுக் கதவின் நிறம், எல்லாம் மகள் போனில் சொல்லிக்கொடுத்த பாடமா... அந்தச் சிரிப்பு இனி அவர் ஒருவரிடம்தான் இருக்கிறது.

"சரிதானே?" என்றாள்.

"சரிதான். கரெக்டா சொல்லிட்டே."

அவள் பெருமூச்சு விட்டாள், நிலையைப் பிடித்திருந்த விரல்கள் மெல்லத் தளர்ந்தன, அப்போதுதான் உள்ளே வந்து டீயை வைத்தாள். அவள் பதில் சொன்ன ஒவ்வொரு சாயங்காலத்தையும் அவர் நினைத்துப் பார்த்தார், வந்ததும் டீயை வைத்தாளா, கேள்வி முடிந்த பிறகுதான் வைத்தாளா... எத்தனை நாளாக இவள் அவரது கேள்விக்குப் பயந்துகொண்டு அந்த வாசற்படியிலேயே நின்றுகொண்டிருக்கிறாள்?