மொட்டப்பாறைக்கு ஒரு ஜீப்

சங்கரன்கோவில் ஆபீஸ் கிளார்க் சங்கரசுப்புவுக்கு டவுன் பஸ்ஸில் ஏறினாலே குமட்டும். அப்பேர்ப்பட்ட வீரர், எழுபத்தெட்டாம் வருஷத்து ஐப்பசியில், மைதீன் பாட்சாவின் ஜீப்பில் முன்கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மலையேறினார்.

மலைக்கு அப்பால் ஏலக்காய் எஸ்டேட்டில் அவர் தங்கை பூமாரி காய்ச்சலில் கிடந்தாள். "தூக்கிக்கிட்டு மொட்டப்பாறைக்கு வாரோம், ஜீப்போட வந்து நில்லுங்க" என்று அவள் புருஷன் செல்லச்சாமி ஆள் அனுப்பியிருந்தான். மொட்டப்பாறையோடு ஜீப் தடம் முடிந்துவிடும். அதற்கு மேல் ஒற்றையடிப்பாதைதான். அங்கே அவளை ஏற்றி, பொழுது சாய்வதற்குள் புளியங்குடியில் டாக்டரிடம் சேர்த்துவிட்டால் பிழைத்துக்கொள்வாள்.

தடம் என்பதெல்லாம் மரியாதைக்குச் சொல்வது. மழை அரித்துப்போட்ட ஓடை அது. உள்ளே முழுக்க உருண்டைக் கல். பாட்சா சின்னக் கியர்க் கம்பியை இழுத்துப் போட்டார். நாலு சக்கரமும் சேர்ந்து பிடிக்க, ஜீப் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு ஏறியது. சங்கரசுப்பு வெளியே தலையை நீட்டி, காலையில் தின்ற இட்லியை மலைக்குத் தானம் கொடுத்தார்.

"அண்ணாச்சி, கொஞ்சம் நிப்பாட்டவா?"

"நிப்பாட்டாதேயும் வே! கொடலு வெளிய விழுந்தாலும் பொறவு வந்து பொறுக்கிக்கிடுதேன். வெரசா மிதியும்!"

"இதுக்கு மேல மிதிச்சா நேரா அல்லாகிட்டதான் போவணும்."

"பூமாரிய டாக்டர்கிட்ட எறக்கிட்டுப் போவோம்."

மொட்டப்பாறையில் யாரும் இல்லை. தூறல் போட்டுக்கொண்டிருந்தது. முந்தி வந்துவிட்டோம் என்று அவருக்கு ஒரே சந்தோஷம். ஜீப்பின் பின்பக்கம் ஜமுக்காளத்தை விரித்து, அவள் கால் நீட்ட இடம் போதுமா என்று தானே படுத்துப் பார்த்தார்.

"தங்கச்சி ஒங்களவிட நெட்டையோ?" என்றார் பாட்சா.

"எங்க வீட்டு வளத்தி பூராவும் அவளுக்குப் போயிட்டு. எனக்கு மிஞ்சுனது இந்த மூக்குதான்."

புதர்ப் பக்கம் ஆளரவம் கேட்டது. நாலு பேர் மூங்கிலில் கம்பளித் தூளி கட்டித் தூக்கி வந்தார்கள். பின்னால் செல்லச்சாமி. அவன் கக்கத்தில் குடை, மடக்கியபடியே இருந்தது. தூறல் தூளிக்குள் விழுந்துகொண்டிருந்தது. ஒருத்தரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

சங்கரசுப்புவுக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் கத்தினார்.

"ஏ மாப்ள! பிள்ள நனையுதுல்லா? கொடைய விரிக்கதுக்கு என்ன கேடு?"

"மச்சான்... பாதி வழியிலயே..." என்று செல்லச்சாமி அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டான்.

அவர் குடையைப் பிடுங்கி விரித்தார். தூளிக்கு மேலே பிடித்தபடி ஜீப் வரைக்கும் கூடவே நடந்தார். ஜமுக்காளத்தில் அவளைக் கிடத்தியதும் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். செல்லச்சாமி கால்மாட்டில் ஒடுங்கினான்.

இருட்டுவதற்குள் கீழே இறங்க வேண்டுமே என்று பாட்சா சற்று வேகமாகவே எடுத்தார். முதல் கல்லிலேயே ஜீப் தூக்கிப் போட்டது.

"மெதுவா வே," என்றார் சங்கரசுப்பு. "அவ தல ஆடுதுல்லா."

பாட்சா வண்டியை நிறுத்தினார். இறங்கிப் போய், தடத்தில் கிடந்த கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கி ஓரத்தில் போட ஆரம்பித்தார்.