ரொட்டி வேனில் ஓர் அறை

1

இந்தக் கதை ஒரு கண்டிப்பிலிருந்து பிறந்தது. சென்ற வாரம் பரிசோதனைக்குப் போயிருந்தபோது மருத்துவமனை வராந்தாவில் அண்ணி என்னிடம் சொன்னார்: "என்னைப் பத்தி எழுதுவேன்னு தெரியும் தம்பி. எழுது. ஆனா சாகடிச்சிடாதே."

அப்படியெல்லாம் இல்லை அண்ணி என்றேன். பொய். முதல் வரைவின் இரண்டாம் பக்கத்திலேயே அவரை முடித்துவிட்டிருந்தேன். அதன் தொடக்கம் இப்படி இருந்தது:

வேன் வீட்டுக்கு வந்த அன்று மழை பெய்து

(மழையே பெய்யவில்லை. சோகக் கதை என்றால் என் கை தானாக மழையைக் கொண்டுவந்துவிடும். வாக்கியம் அப்படியே கிடக்கட்டும்.)

2

மறுபடி தொடங்குகிறேன்.

அண்ணி நில அளவையாளர். இருபத்திரண்டு வருடம் ஊரார் நிலத்தை வெயிலில் அளந்தவர். சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்ட பிறகு வீட்டின் பின்னறையில் வந்து உட்கார்ந்தார். சிறுநீரகங்களின் வேலையைச் செய்ய, வயிற்றில் பொருத்திய குழாய் வழியாக நாளுக்கு நான்கு முறை பழைய திரவத்தை வடித்துப் புதியதை ஏற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், பிறகு அரைமணி நேரம் ஜன்னல் மூடியிருக்க வேண்டும், மின்விசிறி நிற்க வேண்டும், பக்கத்தில் யாரும் தும்மக் கூடாது.*

* எனக்குத் தும்மல் வந்தால் தெருமுனைவரை ஓடுவேன். கதைக்குத் தேவையில்லாத தகவல்தான்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். முப்பது வருடமாக மேலும் கீழும் போய்வந்தவர். பக்கவாட்டில் அதிகம் போனதில்லை. இந்தக் கதாபாத்திரத்தின்மேல்தான் எனக்குச் சந்தேகம். அடுத்த தெருவுக்குப் போக நாலு தடவை யோசிக்கிற மனிதர், ஒரு நாள் மாலை பேக்கரிக்காரர் ஒதுக்கிப்போட்ட ரொட்டி வேனை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்துகிறார். இதில் தங்கிக்கொண்டே ஊர் சுற்றலாம், உள்ளே ஒரு அறை கட்டப்போகிறேன் என்கிறார். வாசகர் நம்ப ஒரு காரணம் வேண்டுமே என்று அவரையே கேட்டேன்.

"அவ ஜன்னலையே பாத்துட்டு இருந்தா," என்றார். அவ்வளவுதான். நம்புவது உங்கள் பாடு.

3

பின்னறையில் ஒரு வருடம் இருந்த பிறகு, அண்ணியின் கையில் மறுபடி அளவு நாடாவைப் பார்த்தேன். வேனுக்குள் ஏறி, மூச்சு வாங்கியபடி, மூலை மூலையாக அளந்தார். கட்டம் போட்ட நோட்டில் வரைபடம் வளர்ந்தது: இடப்பக்கம் படுக்கை, அதன் அடியில் தண்ணீர்த் தொட்டி, கதவருகே கைகழுவும் தொட்டி, திரவப் பெட்டிகளுக்கு அடுக்கு. அண்ணன் பெரிய ஜன்னலாக மூன்று வேண்டும் என்றார். தூசு நுழைய மூன்று ஓட்டையா என்று அண்ணி கேட்டார். இரண்டு நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. கடைசியில், லிஃப்ட் கதவில் பதிக்கிற ரப்பரைச் சுற்றிலும் ஒட்டிய ஒரே ஜன்னல் என்று சமாதானமானார்கள். வரைபடத்தைப் பார்த்து அண்ணன் பலகைகளைப் பதிக்கத் தொடங்கினார்.

வாரம் ஒருமுறை வீட்டுக்கு வரும் நர்ஸ் முதலில் முடியவே முடியாது என்றார். வழியெல்லாம் தூசு, ஒரு கிருமி உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து. அண்ணி வாதாடவில்லை. ஓர் அறைக்கு என்னென்ன வேண்டும், சொல்லுங்கள் என்று நோட்டைத் திறந்தார். சொல்லிக்கொண்டே வந்த நர்ஸ், செருப்பைக் கழற்றிவிட்டு வேனுக்குள் ஏறிவிட்டார். இன்னும் ரொட்டி வாசனை அடிக்கிறது என்றார். பிறகு கூரையைப் பார்த்தார். திரவப் பை தோளுக்கு மேலே நல்ல உயரத்தில் தொங்கினால்தான் ஒழுங்காக இறங்கும். தொட்டிக்கு மேல் படுக்கை இருந்ததால் உட்கார்ந்தாலே தலை கூரையைத் தொட்டது. கொக்கிக்கு இடமில்லை. அண்ணன் அன்றே படுக்கையைப் பிரித்து, தொட்டியைப் பின்பக்கம் நகர்த்தினார்.

(இந்த இடத்தில் ஒரு பத்தி முழுக்கக் கருவிகளின் பெயர்கள் இருந்தன. எனக்கே பாதி தெரியாது. அடித்துவிட்டேன்.)

4

இனி வருவதை எழுதப் பயந்துதான் முதல் வரைவில் அண்ணியைக் கொன்றேன். கொல்வது சுலபம், பக்கம் மிச்சம்.

கிளம்ப ஒன்பது நாள் இருக்கையில், காலையில் வடிந்த திரவம் கலங்கலாக வந்தது. தொற்று. மருத்துவமனையில் சேர்த்தோம். காய்ச்சல், வயிற்று வலி, மருந்து. வேன் அதுவரை ஒருமுறைகூட வாசலைத் தாண்டவில்லை. ஆனாலும் அண்ணன் தினமும் வீடு திரும்பியதும் உள்ளே பதித்த பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். நானும் பிடித்துக் கொடுத்தேன். இதை மறைத்துவிடத்தான் நினைத்திருந்தேன். அவர் செய்வது சரி என்றே எனக்கும் தோன்றியது.

ஒரு வாரம் கழித்து அண்ணி டாக்சியிலிருந்து இறங்கினார். வாசலில் அடுக்கியிருந்த பலகைகளைப் பார்த்தார். என்ன இது என்று கேட்டார்.

"வேணாம்மா. வீட்டுலயே இருந்துடலாம். எனக்குப் பயமா இருக்கு," என்றார் அண்ணன்.

"வீட்டுக்குள்ள இருக்கும்போதுதான் வந்துச்சு. வீட்டைப் பிரிச்சீங்களா?"

அண்ணி வேனின் படியில் உட்கார்ந்தார், நிற்க முடியவில்லை.

"எனக்கும் பயம்தாங்க. ஒரு வருஷமா அந்த ரூம்ல உக்காந்து பயந்துட்டு இருக்கேன். கொஞ்ச நாள் இதுல உக்காந்து பயப்படுறேன். பலகையை மாட்டுங்க."

அண்ணன் திரும்பிக்கொண்டார். அவர் அழுதார் என்று

இல்லை. திருப்புளியைத் தேடினார். அது என் கையில் இருந்தது. கொடுத்தேன்.

எல்லாவற்றையும் மாட்டி முடிக்க மூன்று வாரம். அண்ணி தேறவும் அவ்வளவு நாள் ஆனது. வாசலில் நின்ற வேனுக்குள்ளேயே ஒரு சோதனை நடந்தது. நர்ஸ் முகமூடியோடு உள்ளே இருந்தார், நான் வெளியே. வடிந்த பைக்கு அடியில் செய்தித்தாளை வைத்தார். எழுத்து தெரிந்தால் திரவம் தெளிவு. "ரெண்டு படுக்கையறை, வாடகைக்கு," என்று அவர் வாசிப்பது கேட்டது. அதையடுத்து அண்ணியின் சிரிப்பு.

5

இந்தக் கதைக்கு எழுதிய முடிவுகளை அண்ணியிடம் படித்துக் காட்டினேன். ஒன்றில் மலைமேல் சூரியன் உதிக்கிறது. காலண்டர் மாதிரி இருக்கிறது என்றார். இன்னொன்றில் அவர் பாதி வழியில் திரும்பி வந்து பின்னறையே போதுமென்று உணர்கிறார். அதைக் கேட்டதும் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் திறமை போதாது. இரண்டையும் கிழித்தேன்.

நடந்தது இது. இன்று காலை ஏழு மணிக்கு நாளின் முதல் திரவ மாற்றத்தை வீட்டில் முடித்துவிட்டுக் கிளம்பினார்கள். பதினொரு நாளுக்கான திரவப் பெட்டிகள், வழியில் உள்ள மருத்துவமனைகளின் பட்டியல், மருத்துவரின் கடிதம். தொற்று மறுபடி வரலாம் என்று மருத்துவர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். அண்ணி முன் இருக்கையில், மடியில் சாலை வரைபடத்தோடு. அண்ணன் வண்டியை எடுத்தார். தெருமுனையில் இண்டிகேட்டர் போட்டு, யாருமே வராத சாலையில் வெகுநேரம் பார்த்துவிட்டு, திரும்பினார்.

இப்போது மணி பதினொன்று பத்து. அடுத்த திரவ மாற்றம் பன்னிரண்டுக்கு. எங்கே நிறுத்துவார்கள் என்று எனக்குத் தெரியாது. கிளம்பும்போது அவர்களுக்கும் தெரியாது. போன் பண்ணாதே என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஆகவே இடத்தை நீங்கள் முடிவு செய்யுங்கள். ஆற்றங்கரையோ, பெட்ரோல் பங்க்கின் பின்புறமோ, எதுவானாலும் சரி. தரை சமமாக இருக்கட்டும், கொஞ்சம் நிழல் இருக்கட்டும். அண்ணன் இன்ஜினை அணைத்ததும் தயவுசெய்து இறங்கிவிடுங்கள், கதவைச் சாத்திவிட்டு.

அண்ணி கை கழுவ வேண்டும்.