ஐம்பத்து மூன்றாவது படி

எங்கள் கடையில் பழைய வீடியோ கேசட்டை டிவிடி ஆக்குவதற்கு ஒரு முறை உண்டு. கேசட்டை ஓடவிட்டு முழுவதையும் கம்ப்யூட்டரில் ஏற்றுவோம். முதலில் சத்தத்தைத் தனியாகப் பிரித்து ஒதுக்கிவிடுவோம். பிறகு படத்தில் ஆடுகிற இடம், தரையைக் காட்டுகிற இடம், யாராவது விரலால் லென்ஸை மறைத்த இடம் எல்லாவற்றையும் வெட்டுவோம். கடைசியில் சத்தம் இருந்த இடத்தில் பாட்டு வைப்போம்.

"வூட்டுல எடுத்த வீடியோவுல இன்னா இருக்கும் உதயா? காத்து சத்தம், ஃபேன் சத்தம். அதை யாரு கேக்கப் போறா?" என்பார் சௌகத் அலி அண்ணன்.

கடை அவருடையது. மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருக்கிறது. முன்பக்கம் அவர் மனைவி ஷம்சாத் அக்கா ஆர்டர் எடுப்பார். துணித்திரைக்குப் பின்னால் கம்ப்யூட்டரோடு நான். வருகிறவர்களோடு நான் பேச வேண்டியதில்லை. அதனாலேயே இந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

ஜனவரியில் சிட்லபாக்கத்திலிருந்து ஜீவிதா என்ற ஓர் அக்கா ஆறு கேசட் கொண்டுவந்தார். அவருக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது அப்பா சுப்பராயலு கையடக்கக் கேமராவில் எடுத்தவை. அம்மாவுக்கு டிவிடி பிளேயரில்தான் போட்டுப் பார்க்கத் தெரியும், அதனால் டிஸ்க்காகவே வேண்டும் என்றார்.

"பாட்டு போட்டுடலாமா?" என்று ஷம்சாத் அக்கா கேட்டார்.

"கண்டிப்பா. எங்கப்பா கேமராவ எடுத்தா வாய மூட மாட்டாரு. கிரிக்கெட் கமென்ட்ரி மாதிரி ஓடிட்டே இருக்கும். முக்கியமா அதைத் தூக்கிடுங்க" என்று சிரித்தார் ஜீவிதா.

சீட்டில் 'பேச்சு வேண்டாம், பாட்டு' என்று எழுதி உள்ளே வந்தது. நானும் அப்படியே செய்தேன். கேசட்டை அவர் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. யாருமே வாங்குவதில்லை. டிஸ்க் கைக்கு வந்ததும் கேசட் குப்பை என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். மாதம் ஒருமுறை பழைய பேப்பர்காரர் வந்து மூட்டையாக அள்ளிக்கொண்டு போவார்.

செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை காலை, திரைக்கு அந்தப் பக்கம் அதே குரல் கேட்டது. இந்தத் தடவை சிரிப்பு இல்லை.

"அக்கா, அந்த கேசட்டெல்லாம் இன்னும் இருக்கா?"

"அதை எப்பவோ போட்டாச்சேம்மா. ஏன், டிவிடி ஓடலையா?"

"ஓடுது." கைப்பையை மேசையில் வைக்கும் சத்தம். "அப்பாவுக்குத் தொண்டையில கேன்சர். ஜூன்ல ஆபரேஷன் பண்ணிக் குரல்வளையையே எடுத்துட்டாங்க. ஆளு நல்லாதான் இருக்காரு. நடக்கறாரு, சாப்பிடறாரு, அம்மாகிட்ட எழுதி எழுதிச் சண்டை போடறாரு. பேச்சு மட்டும்தான் இல்ல."

"அல்லாவே" என்றார் ஷம்சாத் அக்கா மெதுவாக.

"வீடு முழுக்கத் தேடிட்டேன். போன்ல அவரோட ஒரு வாய்ஸ் மெசேஜ்கூட இல்ல. நேரா கால் பண்ணித்தான் பேசுவாரு. கேமரா எப்பவும் அவர் கையிலயே இருந்ததால கேசட்ல அவர் முகமும் இல்ல. இருந்தது குரல்தான். அதை நான்தான் எடுக்கச் சொன்னேன்." ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் என்றும் சொன்னார். அன்றைக்காவது வீட்டில் அந்தக் குரல் கேட்க வேண்டுமாம்.

சௌகத் அலி அண்ணன் எழுந்து வந்தார். "வீடியோவெல்லாம் மாசாமாசம் அழிச்சுடுவோம்மா, கம்ப்யூட்டர்ல எடம் பத்தாது. தப்பா நெனச்சுக்காதீங்க."

அவர் சொன்னது உண்மைதான். அழிப்பவள் நான்தான். ஆனால் நான் அழிப்பது கம்ப்யூட்டரில் படங்கள் இருக்கும் பெட்டியை, அதாவது ஃபோல்டரை மட்டும். பிரித்தெடுத்த சத்தம் போய் விழுவது வேறொரு பெட்டியில். அதை யாரும் திறந்ததே இல்லை. இதைச் சொல்ல நான் வெளியே போக வேண்டும். ஜீவிதா கைப்பையை எடுக்கும் சத்தம் கேட்டது. திரையை விலக்கினேன்.

"சத்தம் இருக்கலாம்" என்றேன்.

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ரெண்டு வருசத்துல கஸ்டமர் முன்னாடி இவ பேசி இன்னிக்குத்தான் கேக்கறேன்" என்றார் ஷம்சாத் அக்கா.

பெட்டியில் முந்நூற்றுச் சொச்சம் ஒலிகள் கிடந்தன. எதற்கும் பெயர் இல்லை, எண் மட்டும். ஒவ்வொன்றாகத் திறந்து கேட்டேன். யார் யார் வீட்டுக் கல்யாண மேளமோ, யார் குழந்தை அழுகையோ. வெள்ளிக்கிழமை மதியம் அண்ணன் தொழுகைக்குப் போயிருந்தபோது அது கிடைத்தது.

"இன்னா ஜீவி, கேமராவ பாத்தா ஓடற? நில்லு. அப்பா படம் புடிக்கிறேன்ல. முனிரத்தினம், தலைய எடுடா, கொயந்தைய மறைச்சுகினு நிக்கிற."

ஜனவரியில் பாட்டை வைப்பதற்காக நான் கேட்காமலே ஒதுக்கிய குரல். காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கொஞ்ச நேரம் கழற்றவில்லை.

ஆனால் சத்தம் கிடைத்ததும் வேலை முடிந்துவிடவில்லை. சத்தம் முழுசாக இருந்தது. படம் வியாழக்கிழமை ஜீவிதா கொடுத்துவிட்டுப் போன டிவிடியில்தான் இருந்தது, அதுவும் நான் வெட்டிப்போட்ட படம். இரண்டையும் சேர்த்து ஓடவிட்டால் பத்தாவது நொடியிலேயே குரல் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். குக்கர் விசில் வந்ததும் ஜீவிதாவின் அம்மா அடுப்படிப் பக்கம் திரும்புவதை வைத்து ஒரு இடத்தைப் பிடித்தேன். குழந்தை கைதட்டுவதை வைத்து இன்னொன்று. கடைசி கேசட் குன்றத்தூர் மலை. அதில் சுப்பராயலு கேமராவோடு படியேறுகிறார், சத்தமாகப் படியை எண்ணிக்கொண்டே. ஒவ்வொரு எண்ணுக்கும் படம் லேசாக ஒருமுறை குலுங்குகிறது. குலுங்கலும் எண்ணும் சேர்ந்தால் சரி.

வெட்டிய மற்ற இடங்கள் ஓரிரு நொடிதான், பக்கத்துப் படத்தை நீட்டிச் சமாளித்தேன். ஐம்பத்திரண்டு வரை சேர்ந்தது. அதற்கு மேல் குரல் இருந்தது, படம் இல்லை. கேமரா தரையைக் காட்டிய இடம் என்று நானே வெட்டியிருந்தேன். ஐந்தாறு நொடி இருக்கும். குரல் ஓட, திரை கருப்பாக நின்றது.

அண்ணன் எட்டிப் பார்த்தார். "கருப்பா வுட்டா டிஸ்க் கெட்டுப்போச்சுன்னு திருப்பி எடுத்துகினு வருவாங்க. பூ கொட்டற எஃபெக்ட் போடு."

போட்டுப் பார்த்தேன். சுப்பராயலு மூச்சு வாங்க வாங்கப் பேச, ரோஜா இதழ்கள் விழுந்தன. எடுத்துவிட்டேன்.

"கருப்பாவே இருக்கட்டும்ணா."

"உன் இஷ்டம். கேட்டா நீதான் பதில் சொல்லணும்."

சனிக்கிழமை காலை ஷம்சாத் அக்கா காலி ஆர்டர் சீட்டுகளில், இனி வருகிறவர்களிடம் கேட்பதற்காகப் பேனாவால் ஒரு வரி சேர்த்துக்கொண்டிருந்தார்: 'கேமரா பிடிச்சது யாரு?' பத்தரை மணிக்கு ஜீவிதா வந்தார். கூடவே அப்பாவும். கழுத்தில் மெல்லிய வெள்ளைத் துணி, சட்டைப்பையில் சின்ன நோட்டு, பேனா. எங்கள் கடையில் எந்த டிஸ்க்கையும் ஒருமுறை ஓட்டிக் காட்டாமல் கொடுப்பதில்லை. அண்ணன் பிளேயரில் போட்டார். நான் திரைக்குப் பின்னால் போகப் பார்த்தேன். ஷம்சாத் அக்கா என் கையைப் பிடித்து நிறுத்திக்கொண்டார்.

முதல் வார்த்தை கேட்டதும் ஜீவிதா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். சுப்பராயலு அசையவில்லை. யாரோ தெரிந்தவர் பேசுவதைக் கேட்பதுபோல் தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குன்றத்தூர் வந்தபோது அவருடைய விரல் நாற்காலிக் கையில் தட்டத் தொடங்கியது. நாற்பத்தொன்பது, அம்பது, அம்பத்தியொண்ணு, அம்பத்திரெண்டு. திரை கருப்பானது.

"அம்பத்தி மூணு... யம்மா... அம்பத்தி மூணு."

"ப்பா, அம்பத்தி மூணு ரெண்டு வாட்டி சொல்ற" என்றது இருட்டுக்குள்ளிருந்து ஒரு சின்னப் பெண் குரல்.

படம் திரும்பி வந்தது. சுப்பராயலு திரையை விட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். அண்ணன் என்னைப் பார்த்தார்.

"அந்த இடத்துல படம் இல்லீங்க சார்" என்றேன். "ஜனவரியில நான்தான் வெட்டிட்டேன். சத்தம் மட்டும்தான் கெடச்சுது. அதையும் வெட்ட மனசு வரல."

அவர் நோட்டை எடுத்து நிதானமாக எழுதி மகளிடம் நீட்டினார். ஜீவிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தார். முதல் வரியைச் சாதாரணமாகத்தான் தொடங்கினார். போகப்போக இழுத்து இழுத்து, இத்தனை நேரம் நாங்கள் கேட்டுக்கொண்டிருந்த அந்தக் குரல் மாதிரியே.

"வெட்டினது நல்லதாப் போச்சும்மா. அங்கதான் வழுக்கி வுழப் பாத்தேன். இன்னா ஏதுன்னு கேக்காம எம் பொண்ணு சிரிச்சுகினு நிக்கிறா."

"நான் எங்க சிரிச்சேன்?" என்றார் ஜீவிதா, நோட்டை அவர் மடியில் வைத்து. "நீதான் தப்பா எண்ணின. நான் திருத்தினேன்."

சுப்பராயலு ஒரு கையில் ஐந்து விரலும் இன்னொரு கையில் மூன்று விரலும் காட்டினார். மடக்கினார். மறுபடியும் அதே ஐந்தும் மூன்றும் காட்டிவிட்டு, ரிமோட்டைக் கொடு என்று அண்ணனிடம் கையை நீட்டினார்.